தணிகைமணி போட்ட அகராதியும் நம் தேடல் பெட்டியும்

வ.த. சுப்பிரமணிய பிள்ளையைத் தேட வைத்தது ஒரே ஒரு பாட்டு. 1871 வாக்கில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நீதிமன்ற வேலையில் இருந்தார். சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் தரப்புக்குச் சான்றாக ஒரு திருப்புகழ்ப் பாட்டை எடுத்துக் காட்டிய செய்தி அவர் காதுக்கு எட்டியது. பாட்டின் சந்தம் ஆளைப் பிடித்துக்கொண்டது. அருணகிரிநாதர் பதினாறாயிரம் பாடினார் என்பது வழிவழியாக வரும் பேச்சு. அத்தனையும் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல அன்று ஆளில்லை.

தேடுவது என்றால் அன்று உடம்பால் செய்கிற வேலை. ஏடு எந்த ஊரில், யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். கேட்டால் கொடுக்கிற மனுஷரா என்று பார்க்க வேண்டும். கொடுத்தால் படி எடுத்து, இன்னொரு ஏட்டோடு ஒத்துப் பார்த்து, பாடபேதம் குறிக்க வேண்டும். பிள்ளை பின்னாளில் மாவட்ட முன்சீப் ஆனார். தேடுவதை மட்டும் விடவில்லை. முதல் பாகம் அச்சேறும்போது 1890களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. இரண்டாம் பாகம் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. இன்று கிடைக்கிற 1,300க்கு மேற்பட்ட திருப்புகழ்ப் பாடல்களில் பெரும்பகுதிக்கு அந்த அலைச்சல்தான் அடித்தளம். அதில் அறுபதுக்கும் மேல் திருத்தணிக்கு உரியவை.

அவற்றில் ஒன்றைத் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே கேட்க வேண்டுமா? யூடியூபில் இரண்டு சொல் தட்டினால் ஆயிற்று. வேகம் ஏறியிருக்கிறது, அதை மறுக்க முடியாது. தேடத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையும் அதே வேகத்தில் ஏறியிருக்கிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

பிள்ளை தணிகை முருகனின் அடியார். 1883இல் பிறந்த மகனுக்குத் தணிகை முருகன் பெயரையே வைத்தார்: செங்கல்வராயன். தணிகைமணி வ.சு. செங்கல்வராய பிள்ளை என்று தமிழுலகம் அறிந்தவர் இவர்தான். தகப்பனார் ஏட்டைத் தேடித் தந்தார் என்றால், மகன் ஏட்டுக்குள் தேடுவதற்கு வழி செய்தார். திருப்புகழுக்கு உரை எழுதியது ஒரு பக்கம். என்னை அதைவிட வியக்க வைப்பது அவருடைய 'தேவார ஒளிநெறி'. தேவாரத்தில் ஒரு பறவை, ஒரு மரம், ஓர் அணிகலன், ஒரு புராணக் கதை எங்கெல்லாம் வருகிறது என்று பொருள்வாரியாகத் தலைப்புக் கொடுத்து, அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் பாட்டெண்ணைக் குறித்து வைத்தார். திருவாசகத்துக்கும் திருக்கோவையாருக்கும் அதேபோல் செய்தார். கணினி இல்லாத காலத்தில் தனி ஆளாகக் கட்டிய தேடுபொறி அது.

அவர் பிழைப்புக்குப் பார்த்தது பத்திரப் பதிவுத் துறை வேலை. வில்லங்கம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே பத்திரத்தைவிட இண்டெக்ஸ் புத்தகம் முக்கியம். ஆள் பெயருக்கு ஓர் அட்டவணை, சொத்துக்கு ஓர் அட்டவணை. அட்டவணையில் ஏறாத பத்திரம் இருந்தும் இல்லாத மாதிரி. அந்த ஆபீஸ் புத்திதான் தேவாரத்துக்கும் போயிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பெரிய மனிதர்கள் கதை இப்படி. சாதாரண ஜனங்கள் திருத்தணியைப் பற்றி எதை, எப்படித் தேடினார்கள்? பஞ்சாங்கத்தில் கிருத்திகை எந்த நாள் என்று பார்த்தார்கள். சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் படித்தார்கள். அரக்கோணத்தில் ரயில் மாறினால் அடுத்த வண்டி எப்போது என்று விசாரணை ஜன்னலில் தலையை நீட்டினார்கள். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் பிள்ளை தவறினால் மைக்செட் இருக்கும் பந்தலுக்கு ஓடினார்கள். “சிவப்புச் சட்டை போட்ட பையன்” என்று ஒலிபெருக்கி சொல்ல, சரவணப் பொய்கைக் கரையில் யாராவது ஒருவர் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பதில் தாமதமாக வந்தாலும், சொன்ன ஆள் யார் என்பது தெரிந்திருந்தது.

இப்போது அந்த வரிசை தலைகீழ். பதில் முதலில் வந்துவிடுகிறது, சொன்னது யார் என்பதை நாம்தான் பிறகு கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் தடை எழுத்து. இந்த ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் 'டி'க்குப் பின் 'எச்' சேர்த்து எழுதுகிறவர்கள் உண்டு, சேர்க்காதவர்கள் உண்டு. நடுவில் வரும் 'டி' சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு. தமிழில் திருத்தணி, திருத்தணிகை, வெறும் தணிகை. எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் நகரி, புத்தூர், சித்தூர், திருப்பதிப் பக்கமிருந்து காவடி எடுத்து வருகிறவர்கள் தெலுங்கில் எழுதுகிறார்கள். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு “ஒன்றும் இல்லை” என்று போனை மூடுகிறவர், ஒரே வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஊரே காலி என்று சொல்கிறவர் மாதிரி. தெலுங்கு வாசிக்கத் தெரிய வேண்டும் என்றில்லை. மொழிபெயர்ப்புச் செயலியில் ஊர்ப் பெயரைக் கொடுத்து, வருகிற தெலுங்கு எழுத்தை அப்படியே தேடல் பெட்டியில் ஒட்டினால் தமிழில் வராத ஒரு வரிசை வீடியோக்கள் வரும். செங்கல்வராய பிள்ளையின் அகராதியில் ஒரு பொருளுக்குள்ள பல பெயர்களும் ஒரு தலைப்பின் கீழ் சேர்ந்திருக்கும். அந்தச் சேர்க்கும் வேலை இப்போது தேடுகிறவர் தலையில்.

அடுத்தது, வேண்டாததைத் தள்ளுவது. செப்டம்பர் முதல் வாரத்தில் திருத்தணி என்று தேடிப் பாருங்கள். 1888 செப்டம்பர் 5 அன்று இங்கே பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்தான் திரை முழுக்க இருப்பார். ஆசிரியர் தினம், வாழ்த்து அட்டை, பள்ளி விழா. கோயில் செய்தி தேவைப்படுகிறவர் கூகுளிலோ எக்ஸ் தளத்திலோ திருத்தணி என்று எழுதி, ஓர் இடம் விட்டு, கழித்தல் குறி போட்டு, அதோடு ஒட்டினாற்போல் ராதாகிருஷ்ணன் என்று எழுதினால் அவர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார். தணிகை என்பது ஆட்களுக்கும் பெயர் என்பதால், அதைத் தனியே தேடுவது வீண். கூடவே முருகன், படி, காவடி என்று ஏதாவது ஒரு சொல் வேண்டும். ஒரு தொடர் அப்படியே வர வேண்டுமானால் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுவது பழைய வித்தைதான். ஆனாலும் பத்துப் பேரில் ஒருவராவது செய்கிறார்களா என்று தெரியவில்லை.

தேதியைக் கட்டித் தேடுவதற்குத் திருத்தணியைவிட நல்ல பாடம் கிடைக்காது. இங்கே இருக்கிற பெரிய விழாக்களில் ஒன்று ஆங்கிலத் தேதியில் நடக்கிறது. டிசம்பர் 31 இரவு படித் திருவிழா. வெள்ளைக்காரர் ஆட்சியில் ஜனவரி முதல் தேதியன்று துரைமார் வீட்டு வாசலில் நம்மவர்கள் பழத்தட்டோடு நிற்பதைப் பார்த்து மனம் வெதும்பிய வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள், அந்தப் பழத்தட்டை முருகனிடம் கொண்டு போகலாமே என்று தொடங்கி வைத்தது. 365 படி, படிக்கொரு திருப்புகழ், மஞ்சள் குங்குமம், கற்பூரம். நள்ளிரவில் மலைமேல் புத்தாண்டு பிறக்கும்.

குறிப்பிட்ட ஓர் ஆண்டின் படித் திருவிழா வேண்டுமென்றால் எக்ஸ் தளம் வசதி. 2006இலிருந்து வந்த எல்லாப் பொதுப் பதிவுகளையும் தேடலுக்குள் கொண்டு வந்துவிட்டதாக, ட்விட்டர் என்ற பெயரில் இருந்தபோதே, 2014 நவம்பரில் அறிவித்தார்கள். கணக்குக்குள் நுழைந்து, பிரவுசரில் 'அட்வான்ஸ்டு சர்ச்' பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகக் கேட்கும்: எந்தச் சொல், எந்தத் தொடர், எது வேண்டாம், எந்த மொழி, யார் எழுதியது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. இங்கே இரண்டு நுணுக்கம். முடிவுத் தேதி கணக்கில் சேராது. ஜனவரி 1 வரை வேண்டுமென்றால் ஜனவரி 2 என்று கொடுக்க வேண்டும். இன்னொன்று, அந்தத் தேதிகள் உலகப் பொது நேரப்படி ஓடுகின்றன, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். மலையில் நள்ளிரவு தாண்டி “புத்தாண்டு வாழ்த்து” என்று போட்ட பதிவு, தேடலின் கணக்கில் இன்னும் டிசம்பர் 31தான். இது தெரியாமல் ஜனவரி 1இலிருந்து தேடத் தொடங்கினால் விழாவின் உச்ச நேரமே கழன்று போய்விடும்.

ஃபேஸ்புக் வேறு குணம். அங்கே பெட்டியில் தட்டியதும் முதலில் வருவது, நமக்குப் பிடிக்கும் என்று அது நினைப்பது. 'போஸ்ட்ஸ்' என்பதைத் தொட்டு, ஆண்டு, இடம், புதிய பதிவுகள் என்ற வடிகட்டிகளைப் போட்ட பிறகுதான் நாம் கேட்டது வர ஆரம்பிக்கும். உண்மையில் ஃபேஸ்புக்கின் சொத்து அதன் குரூப்புகளில் இருக்கிறது. வடக்கு எல்லை வரலாறு, திருப்புகழ், பழைய புகைப்படம் என்று சிறு சிறு குழுக்கள். குழுவுக்குள் போய், அதற்குள்ளிருக்கும் பூதக்கண்ணாடிக் குறியைத் தொட்டுத் தேடினால் வெளியே ஒரு மணி நேரம் துழாவியும் கிடைக்காதது கிடைப்பதுண்டு. யூடியூபிலும் அப்படியே. முழு யூடியூபைத் தேடாமல் நம்பகமான ஒரு சேனலுக்குள் தேடலாம். முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கிருதி என்று சொல்லப்படும் 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' இந்த மலையில் பிறந்தது. அதைப் பெயரால் மட்டும் தேடினால் எழுத்துக்கூட்டல் காலை வாரும். மாயாமாளவகௌளை, தீட்சிதர் என்ற இரண்டையும் சேர்த்தால் நேரே வந்து நிற்கும். இன்ஸ்டாகிராமைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இந்த வாரம் மலை எப்படி இருக்கிறது என்று பார்க்க நல்லது, பத்து வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்தது என்று பார்க்க ஆகாது.

கூட்டம் எப்படி என்று பார்க்கப் போகும்போதுதான் ஏமாற்றம் அதிகம். ஆடிக் கிருத்திகை நெருங்கினால் “இன்று திருத்தணி” என்று தலைப்பிட்ட வீடியோக்கள் குவியும். மலை அதேதான், படி அதேதான், மஞ்சள் உடையும் புஷ்பக் காவடியும் அதேதான். வருஷம் மட்டும் வேறாக இருக்கலாம். யூடியூபின் வடிகட்டியில் நேரலை, பதிவேற்றிய நாள் இரண்டையும் பார்ப்பது முதல் காரியம். அதுவும் போதாது, பழைய வீடியோவை இன்று மறுபடி ஏற்றியிருப்பார்கள். ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் கொடுத்தால் அதே படம் முன்பே எங்காவது வந்திருக்கிறதா என்று பெரும்பாலும் காட்டிவிடும். கடைப் பலகை, அரசியல் கட்சி பேனர், தடுப்புக் கட்டை இவற்றைக் கவனித்தாலே வருஷம் பிடிபடும்.

காணாமல் போன குழந்தையின் படத்தோடு வாட்ஸ்அப்பில் வரும் செய்தியும் இந்த வகை. மைக்செட் அறிவிப்பு, பிள்ளை கிடைத்ததும் நின்றுவிடும். ஃபார்வர்டு நிற்காது, பிள்ளை வளர்ந்து கல்லூரிக்குப் போன பிறகும் சுற்றும். அனுப்புவதற்கு முன் அந்தச் செய்தியிலிருந்து வித்தியாசமான ஒரு வரியை எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டு, ஃபேஸ்புக்கிலும் கூகுளிலும் தேட அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் பெற்றோருக்குச் செய்கிற உபகாரம்.

தங்கும் அறை, சிறப்பு தரிசனம் என்று தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. பதிவின் கீழே யாரோ எழுதிப் போட்ட போன் நம்பரைப் பார்த்துப் பணம் அனுப்ப வேண்டாம். திருத்தணி சுப்பிரமணிய சுவாமி கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. கட்டண விவரம் அந்தத் துறையின் இணையதளத்தில் பார்க்க வேண்டியது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும்.

வரலாறு தேடுகிறவர்களுக்குத் திருத்தணி வைத்திருக்கும் முடிச்சு இன்னும் சுவையானது. இந்த ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டங்கள் அதைக் கடந்து போயின. ராதாகிருஷ்ணன் பிறந்தபோது வட ஆர்க்காடு. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்துக்குள் பிறகு போனது. ஆந்திரம் பிரிந்தபோது சித்தூரோடு சேர்ந்து ஆந்திரத்தில் நின்றது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்கும், படாஸ்கர் தீர்ப்புக்கும், 1959இன் எல்லை மாற்றச் சட்டத்துக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு இணைந்து செங்கல்பட்டு மாவட்டம் ஆயிற்று. 1997இலிருந்து திருவள்ளூர். ஆகவே 1930இன் ஒரு சங்கதியை 'திருவள்ளூர் மாவட்டம்' என்று போட்டுத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? எந்தக் காலத்தைத் தேடுகிறோமோ அந்தக் கால மாவட்டப் பெயரைச் சேர்க்க வேண்டும்.

1960 ஏப்ரல் 1 என்ற இணைப்புத் தேதி ஓர் உரைகல்லாகவும் உதவும். மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த 1956 நவம்பர் 1 அன்றே திருத்தணியும் தமிழகத்துக்கு வந்துவிட்டது என்று ஒரு பதிவு சொன்னால், அதை எழுதியவர் மற்ற விஷயங்களையும் சரிபார்த்திருக்க மாட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் பேர் பகிர்ந்திருந்தாலும் அது 1956இல் வரவில்லை. சமூக ஊடகத் தேடல் மூல ஆதாரத்துக்கு வழி காட்டும். அதுவே ஆதாரம் ஆகாது. பதிவில் ஒரு நூலின் பெயரோ, சட்டத்தின் ஆண்டோ, அரசாணை எண்ணோ இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். அங்கேதான் வ.த.சு.வின் ஒத்துப் பார்க்கும் வேலை நமக்கும் தேவைப்படுகிறது. இப்போது எக்ஸிலும் வாட்ஸ்அப்பிலும் செயற்கை நுண்ணறிவு கோர்வையாகப் பதில் எழுதித் தருகிறது. அதனிடமும் “இது எங்கே இருக்கிறது?” என்று கேட்டு, காட்டுகிற இடத்தைத் திறந்து பார்க்காமல் நம்புவதற்கில்லை.

இத்தனைக்குப் பிறகும் கிடைக்காதவை உண்டு. காரணம் தேடுகிறவரின் குறை இல்லை. திருத்தணிப் பக்கத்துப் பஜனைக் குழுக்களும் காவடி மண்டலிகளும் விழா அழைப்பிதழைப் படமாகவே போடுகிறார்கள். ஊர், தேதி, குருசாமி பெயர் எல்லாம் படத்துக்குள் அச்சாக இருக்கும்; பதிவில் எழுத்தாக இருப்பது மூன்று கைகூப்பிய குறிகளும் “ஓம் முருகா”வும்தான். தேடல் பெட்டி அந்த மூன்று கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? தாத்தா காலத்துக் காவடிப் படத்தை ஆசையாக ஸ்கேன் செய்து போடுகிறவர், அதன் கீழ் “பழைய நினைவு” என்று எழுதுகிறார். எந்த ஆண்டு, எந்தத் தெரு, எந்த மண்டலி என்பது அவருக்குத் தெரியும். சொல்லத்தான் தோன்றவில்லை. ஃபார்வர்டுகளில் மட்டும் இருப்பது வாட்ஸ்அப்புக்கு வெளியே தேடலுக்கு எட்டவே எட்டாது.

ஆகவே கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். திருத்தணியைப் பற்றி எதைப் போட்டாலும் படத்தின் கீழ் இரண்டு வரி தட்டச்சு செய்யுங்கள்: விழாவின் பெயர், ஆண்டு, இடம், பாடியவர் யார் என்பது, ஊர்ப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், முடிந்தால் தெலுங்கிலும். வீட்டில் பழைய படித் திருவிழாப் படம் இருந்தால், அதில் நிற்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி, வாட்ஸ்அப் குரூப்போடு நிறுத்தாமல் எல்லோரும் தேடிப் பார்க்கக்கூடிய ஓர் இடத்தில் போட்டு வையுங்கள்.